சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: பூக்கடையில் தொடங்கிய அளவைப் பாடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தொடக்கக் கல்வி பட்டயப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவ ஆசிரியர்களோடு உட்கார்ந்து கணக்குப் பாடம் தயாரிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களான நம் உறுப்பினர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை இதற்காக வந்தார்கள்.

முதலில் மாணவ ஆசிரியர்கள் எழுதி வந்த பாடக்குறிப்புகளில் வாழ்க்கைச் சூழல் பெயருக்குத்தான் இருந்தது. மாம்பழம் என்ற இடத்தில் கூழாங்கல் என்று போட்டாலும் கணக்கு அப்படியே நிற்கும். சூழல் விடையையே தீர்மானிக்கிற கணக்காகப் பாருங்கள் என்றோம். சத்துணவு முட்டை கிடைத்தது. ஓர் அட்டைக்கு 30 முட்டை. 100 பிள்ளைகளுக்கு எத்தனை அட்டை? ஐந்தாம் வகுப்பில் பயிற்சி மாணவி கரும்பலகையில் "3, மீதி 10" என்று எழுதினார். ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், அந்தப் பத்துப் பேருக்கு முட்டை இல்லையா?" என்றாள். நான்கு அட்டை வேண்டும் என்று வகுப்பே முடிவு செய்தது. மீதியை என்ன செய்வது என்று தானும் அன்றுதான் யோசித்ததாக அந்த மாணவி பிறகு சொன்னார்.

பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே, அதாவது கணித வழியில் யோசிக்கப் பழக்குவதே, பள்ளிக் கணக்கின் முதன்மை நோக்கம் என்கிறது தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005. தேர்வுக்காக அதைப் படித்திருந்தவர்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போனோம். பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சரத்தை இழுத்து ஒரு முழம் அளந்தார். அதே சரத்தை உயரமான மாணவர் அளந்தபோது அவர் கை முழத்துக்கு நான்கு விரற்கடை குறைந்தது. "யார் கை முழம்?" என்ற கேள்வி அங்கேயே பிறந்தது. மீட்டர் ஏன் வந்தது என்ற பாடத்தை மறுவாரம் அதிலிருந்தே தொடங்கினார்கள். இந்த ஆண்டின் சிறந்த வகுப்பு என்று அதைத்தான் சொல்வேன்.

ஒரு பள்ளியில் பாடம் முடியவில்லை என்று பிள்ளைகளை வெளியே அனுப்ப மறுத்துவிட்டார்கள். வருத்தம்தான். ஆனாலும் ஆழாக்கையும் படியையும் வகுப்புக்குள்ளேயே கொண்டுபோனோம். எட்டு ஆழாக்கு அரிசி ஒரு படியை நிரப்பியதும், அரைக்கால் என்ற பழைய சொல் பிள்ளைகளுக்கு எட்டில் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். வரும் ஆண்டு எடை பாடத்துக்குத் தட்டுத் தராசும் படிக்கற்களும் தேவைப்படுகின்றன. வீட்டுப் பரணில் இருந்தால் கொடுத்து உதவுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்