செப்டெம்பரில் கப்பலேற நினைக்கும் நண்பனுக்கு

பண்டாரவளை,
மே மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கரீபியன் கடலில் ஒரு வாரம் கப்பல் பயணம் போகப்போகிறாய் என்பதையும், அதற்காகவே உன் அம்மாவை இங்கிருந்து ரொறன்ரோவுக்கு அழைக்க எண்ணியிருக்கிறாய் என்பதையும் வாசித்து வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். ஆனால் நீ குறித்திருக்கும் காலம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. செப்டெம்பர் இரண்டாம் வாரம் என்று எழுதியிருக்கிறாய். புவியியல் படிப்பித்தே காலத்தைக் கழித்தவன் என்பதால் மட்டுமல்ல, இந்த மலையில் ஒரு சூறாவளியைப் பார்த்தவன் என்பதாலும் இதைப் பற்றி உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ முற்பணம் கட்டுவதற்கு முன் இது உன் கையில் கிடைத்தால் நல்லது.

அத்திலாந்திக் சமுத்திரத்தில் சூறாவளிப் பருவம் ஜூன் 1ஆம் திகதி தொடங்கி நவம்பர் 30ஆம் திகதி வரை நீடிக்கிறது. ஆனால் அந்த ஆறு மாதங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரைதான் கடல் உண்மையில் கொதிக்கிறது. அதன் உச்சியாகக் கணக்கிடப்படும் நாள் செப்டெம்பர் 10. நீ கப்பலேற நினைப்பதும் அந்த வாரத்தில்தான். கோடை முழுவதும் வெயில் குடித்த கடல்நீரின் வெப்பம் 26.5 பாகை செல்சியசைத் தாண்டி நிற்க, மேல்வானக் காற்றின் குறுக்கீடும் அப்போது குறைந்திருக்க, ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து புறப்படும் காற்றலைகள் கேப் வேர்ட் தீவுகளைக் கடந்து மேற்கே வர வர வலுப்பெற்றுச் சூறாவளிகளாகின்றன. சராசரியாக ஒரு பருவத்தில் பெயரிடப்பட்ட புயல்கள் 14 உருவாகி, அவற்றில் 7 சூறாவளிகளாகி, 3 பெரும் சூறாவளிகளாகின்றன.

இந்த வருடம் புயல்கள் குறைவாக இருக்கும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதி வழமைக்கு மேல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் மேல்வானக் காற்று வலுத்து அத்திலாந்திக் புயல்களைச் சிதைத்துவிடுவது உண்மைதான். ஆனாலும் 1992ஆம் ஆண்டை நினைத்துப் பார். அந்தப் பருவம் மிக அமைதியான ஒன்று. ஓகஸ்ட் மாதம் பாதி கழிந்த பின்னரே முதற்புயலுக்குப் பெயர் வைத்தார்கள். அந்த முதற்புயல்தான் புளோரிடாவின் தெற்கைத் தரைமட்டமாக்கிய அன்ட்ரூ. பருவத்தில் எத்தனை புயல்கள் என்பது காப்புறுதிக் கம்பனிக்கு உதவும் கணக்கு. ஒரே ஒரு வாரம் கடலில் இருக்கப்போகும் உனக்கு அந்தக் கணக்கால் பயன் குறைவு.

கப்பலுக்கு ஒன்றும் ஆகாது என்று முகவர் சொன்னது பெரும்பாலும் உண்மை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பகுதியில் புயலின் மையம் வழக்கமாக மணிக்கு 15 முதல் 25 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்கள் மணிக்கு 35 முதல் 40 கிலோமீற்றர் வரை ஓடக்கூடியவை. பல நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை கிடைப்பதால் கப்டன் விலகிப் போய்விடுவார். எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1998 ஒக்டோபரில் மிட்ச் சூறாவளி வந்தபோது ஃபான்டோம் என்ற பாய்மர உல்லாசக் கப்பல் பயணிகளைப் பெலீஸில் இறக்கிவிட்டுத் தப்பிச்செல்ல முயன்றது. புயல் எதிர்பாராத திசையில் திரும்பியதால் 31 மாலுமிகளோடு ஹொண்டுராஸ் கரைக்கு அப்பால் அது காணாமல் போனது. பயணிகளைக் கரைசேர்த்த பிறகு போன உயிர்கள் அவை. அதன் பிறகு கணிப்பு எவ்வளவோ முன்னேறிவிட்டது என்பதால் உன் உயிருக்காக நான் இப்போது அஞ்சவில்லை. நான் கவலைப்படுவது உன் திட்டத்தைப் பற்றித்தான்.

கப்பல் விலகிப் போகிறது என்றால் நீ பார்க்க நினைத்த தீவையும் விட்டு விலகிப் போகிறது என்றுதான் அர்த்தம். கிழக்குக் கரீபியன் பயணத்துக்குப் பணம் கட்டியவர்கள் மேற்கே மெக்சிக்கோவின் கொசுமெல் துறைமுகத்தில் போய் இறங்குவது செப்டெம்பரில் சாதாரணம். எந்தத் துறைமுகத்தையும் மாற்றவும் தவிர்க்கவும் கம்பனிக்கு உரிமை உண்டு என்று பயணச்சீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். தவறிய துறைமுகத்தின் வரியைத் திருப்பித் தருவார்களே தவிர, வேறு நட்டஈடு கேட்க முடியாது. திரும்பி வரும் துறைமுகமும் அப்படித்தான். 2017 செப்டெம்பரில் இர்மா புளோரிடாவை நெருங்கியபோது மியாமி துறைமுகம் மூடப்பட்டதால், பயணம் முடிந்தும் கரைக்கு வர முடியாமல் சில கப்பல்கள் கடலிலேயே மேலும் சில நாட்கள் நிற்க வேண்டியதாயிற்று. உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் இருந்தன. ஆனால் அவர்களுடைய விமானச்சீட்டும், வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளும், எண்ணி எடுத்துவந்த மருந்தும் அந்தக் கூடுதல் நாட்களுக்குப் போதுமாக இருந்திருக்குமா என்று யோசி.

செப்டெம்பரை விட்டால் வேறு வழியில்லை என்றால் தெற்குப் பாதையைத் தெரிந்தெடு. வெனிசுவேலாக் கரைக்கு அருகில், ஏறக்குறைய 12 பாகை வட அகலக்கோட்டில் கிடக்கும் அரூபா, பொனெயர், கியூரசாவ் ஆகிய மூன்று தீவுகளையும் சூறாவளிகள் நேரடியாகத் தாக்குவது மிக அரிது. அரிது என்றுதான் சொல்கிறேன், வரவே வராது என்று சொல்லவில்லை. அதே அகலக்கோட்டில் சற்றுக் கிழக்கே இருக்கும் கிரெனடாவையும் ஒரு காலத்தில் புயல் எட்டாத தீவு என்று நம்பியிருந்தார்கள். 2004 செப்டெம்பர் 7ஆம் திகதி ஐவன் வந்து அங்கிருந்த வீடுகளில் பத்துக்கு ஒன்பதைச் சேதப்படுத்தியது. 2024 ஜூலை முதலாம் திகதி பெரில் அதே நாட்டின் கரியகு தீவை ஏறக்குறைய முழுவதுமாகச் சிதைத்தது. ஜூலை தொடக்கத்தில் அவ்வளவு வலுவான புயலை அந்தக் கடலில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. தெற்குப் பாதைக்குப் போவதானால் இன்னொன்றையும் கவனி. அந்தக் கப்பல்கள் பல போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து புறப்படுகின்றன. 2017இல் மரியா உருக்குலைத்த அதே தீவு அது. கப்பல் தெற்கே பாதுகாப்பாகப் போனாலும், நீ ஏறும் இடமும் இறங்கும் இடமும் புயலின் பாதையிலேயே இருக்கும்.

காப்புறுதியைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருந்தாய்: "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று. அதில்தான் எனக்கு அதிகக் கவலை. புயல் ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் என்றால், அதன் பிறகு எடுக்கும் காப்புறுதி அந்தப் புயலால் வரும் இழப்பை ஏற்காது. எந்தக் காரணத்துக்காகவும் பயணத்தைக் கைவிடலாம் என்ற பிரிவு வேண்டுமென்றால், முற்பணம் கட்டி இரண்டு மூன்று வாரங்களுக்குள் அதை எடுத்தாக வேண்டும்; அதிலும் முழுத்தொகை திரும்புவதில்லை, பாதி முதல் முக்கால் வரைதான். துறைமுகம் தவறியதற்குப் பல காப்புறுதிகள் ஒரு டொலரும் தருவதில்லை. ஆகவே முற்பணம் கட்டும் அதே நாளில் காப்புறுதியையும் எடுத்துவிடு. விமானத்தில் கப்பல் புறப்படும் நாளன்று போய் இறங்காதே. முந்தின நாளே போய் ஒரு இரவு ஹோட்டலில் தங்கு.

அம்மாவின் விடயத்தில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. வருகையாளர் காப்புறுதி கனடாவுக்கு வெளியே, அதுவும் கப்பலில், எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கு. பயணத்துக்கு முந்திய சில மாதங்களில் மருந்தின் அளவை மாற்றியிருந்தாலே, அந்த நோய்க்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லும் காப்புறுதிகள் பல உண்டு. அம்மாவுக்குப் போன மாதம்தான் இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். அடுத்தது கடவுச்சீட்டு. நீங்கள் எல்லோரும் கனடியக் கடவுச்சீட்டில் போகிறீர்கள். அம்மா இலங்கைக் கடவுச்சீட்டில். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அங்கேயே வருவதற்கு, பல தடவை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா அவருக்கு வேண்டும். கனடாவுக்குத் திரும்பவும் விசா அப்படியே இருக்க வேண்டும். புயலால் பாதை மாறிக் கப்பல் வேறு ஒரு நாட்டில் நின்றால், உங்களுக்குத் திறக்கும் அந்தத் துறைமுகம் அம்மாவுக்குத் திறக்கும் என்பது நிச்சயமில்லை.

புயல் உருவாகிவிட்டால் தொலைக்காட்சிக்காரர்களின் பரபரப்பை நம்பாமல், மியாமியில் உள்ள அமெரிக்கத் தேசிய சூறாவளி நிலையத்தின் அறிவித்தலைப் பார். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அது புதுப்பிக்கப்படும். அதனோடு வரும் வரைபடத்தில் வெள்ளையாக விரியும் கூம்பைப் பலரும் புயலின் பருமன் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது மையம் போகக்கூடிய பாதை மட்டுமே. மூன்றில் இரண்டு தடவை மையம் அதற்குள் நிற்கும், மற்றொரு தடவை வெளியே போகும். காற்றும் மழையும் அந்தக் கோட்டுக்கு வெகு தூரம் அப்பாலும் இருக்கும். இதை நான் உனக்கு வரைபடம் காட்டி விளக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா சூறாவளியின் மையம் கிழக்குக் கரைப் பக்கமாக ஏறி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோதுதான், அதிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்த நம் மலைகள் சரிந்தன.

நீ தொலைபேசியில் கேட்டது பாதிதான். அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் போயின. அதில் பெரும்பங்கு கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகளில் இருந்தவர்களுடையது. காற்று நம்மை அதிகம் தொடவில்லை. விடாமல் பெய்த மழைதான் மண்ணைக் கரைத்தது. பதுளைக்கான புகையிரதப் பாதை பல இடங்களில் மண்ணோடு போயிற்று. அம்மா இருக்கும் வீட்டுக்கு ஒன்றும் நேரவில்லை என்றாலும், அன்றிலிருந்து வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பொலித்தீன் பை தொங்குகிறது. உள்ளே அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதிக் கடதாசிகள், கிளினிக் கொப்பி, மாத்திரை டப்பா, ஒரு டோர்ச், மடித்த சேலை ஒன்று. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் அதை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார். மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளா, செம்மஞ்சளா, சிவப்பா என்று வாட்ஸ்அப்பில் பார்த்துச் சொல்லும்படி என் மகளை இரவிலும் கூப்பிடுகிறார். அப்படிப்பட்டவரை, கப்பல் பாதுகாப்பாகவே போனாலும், அலை கூடிய கடலில் ஒலிபெருக்கியில் புயல் அறிவித்தல் கேட்டபடி ஒரு வாரம் இருக்கச் சொல்வது சரியா என்பதை நீயே யோசித்துக்கொள். என் மனதுக்கு அது சரியாகப் படவில்லை.

இன்னொரு எண்ணமும் எனக்கு உண்டு. நம் மலை சரிவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 2025 ஒக்டோபர் 28ஆம் திகதி, மெலிசா சூறாவளி ஜமெய்க்காவின் மேற்கில் மணிக்கு ஏறக்குறைய 295 கிலோமீற்றர் காற்றோடு கரையேறியது. உன் பயணப்பட்டியலில் ஜமெய்க்காவும் இருக்கிறது. அங்கே உனக்கு இளநீர் வெட்டித் தரப்போகிறவரும், வாடகை வண்டி ஓட்டப்போகிறவரும், கூரைத் தகரம் பறந்த வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கக்கூடும். அந்தத் தீவுகளில் பலருக்குக் கப்பல் வந்தால்தான் வருமானம். அதனால்தான் போகாதே என்று நான் சொல்லவில்லை. நீ போக வேண்டும், ஆனால் கப்பல் நிச்சயமாக அங்கே நிற்கும் காலத்தில் போக வேண்டும்.

ஆகவே என் யோசனை இதுதான். அம்மாவும் வருவதானால் செப்டெம்பரை விட்டுவிடு. ஜனவரி, பெப்ரவரியில் கடல் பயணத்துக்கு ஏற்றதாக இருந்தாலும் ரொறன்ரோவின் பனியை அம்மா தாங்கமாட்டார். ஏப்ரல் பிற்பகுதிதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. சித்திரை வருடப்பிறப்பை இங்கே முடித்துக்கொண்டு அவர் புறப்படலாம். அங்கே குளிர் தணிந்திருக்கும். சூறாவளிப் பருவம் தொடங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். கட்டணம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அந்த வித்தியாசத்தைப் பணமாக மட்டும் பார்க்காதே. நீயும் தங்கச்சியும் மட்டும் போவதென்றால் செப்டெம்பரிலேயே போங்கள், தெற்குப் பாதையில், எங்கே நின்றாலும் சரி என்ற மனதோடு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடு. ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில், ஒரு வாரத்துக்கு மேலதிகமாகவே வைத்துக்கொள்.

அம்மாவிடம் திகதி எதுவும் நான் சொல்லவில்லை. மகன் கூப்பிடுகிறான் என்பதை மட்டும் சொன்னேன். கப்பலில் கோயில் இருக்குமா என்று கேட்டார். அமெரிக்க விசாவுக்குக் கொழும்பில் நேர்முகம் இருக்கும், அதற்கு நாள் கிடைப்பதற்கே காலம் எடுக்கலாம். அழைப்புக் கடிதத்தையும், உன் வருமானச் சான்றுகளையும், முகவர் தந்த ஒப்பந்தத்தின் பிரதியையும் சீக்கிரம் அனுப்பிவை. ஒப்பந்தத்தை நான் ஒரு தடவை வரி வரியாக வாசித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன், அதன் பிறகு பணத்தைக் கட்டலாம். கொழும்புக்கு அம்மாவை நானே கூட்டிப்போகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்.