பாப்பாவுக்கு, ஒற்றியூர் கோயில் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் பாட்டியும் நலம். போன வாரம் போனில் நீ கேட்டதற்குச் சைட்டில் நின்றுகொண்டு சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கட்டடம் உபயோகத்துக்குத்தானே, அதைக் கலை என்று ஏன் சொல்ல வேண்டும் என்று உங்கள் வகுப்பில் பேச்சு வந்ததாகச் சொன்னாய். கொத்து வேலை செய்து உன்னைப் படிக்கவைக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது கலைதான்.

திருவொற்றியூரில் தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம் அல்லவா, அடுத்த முறை ஆதிபுரீசுவரர் சன்னதிக்குப் பின்னால் போய் நில். சுவர் மூலை திரும்பாது, அரைவட்டமாக வளைந்து போகும். படுத்துத் தூங்கும் யானையின் பின்பக்கம் போல இருப்பதால் தூங்கானை மாடம் என்பார்கள். மாமல்லபுரத்துச் சகாதேவ ரதமும் இதே வடிவம்தான். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்றோ என்னவோ, பக்கத்திலேயே ஒரு யானையையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

நேர் சுவர் என்றால் இரண்டு முனையிலும் நூல் கட்டினால் வரி ஓடிவிடும். வளைவுக்கு அந்த நூல் உதவாது. ஒவ்வொரு கல்லின் முகத்தையும் வளைவுக்குத் தகுந்தபடி கொத்த வேண்டும். மேல் வரி கீழ் வரியோடு பொருந்த வேண்டும். அடியில் சுற்றிவரும் பட்டைகள் எங்கும் முறியக்கூடாது. செங்கல்லில் அரைவட்டம் எழுப்பவே எத்தனை தடவை தட்டிப் பார்க்கிறோம்! இது கருங்கல். சதுரமாகக் கட்டியிருந்தாலும் சாமி உள்ளே இருந்திருப்பார். தேவைக்கு மேல் பட்ட அந்தப் பாட்டைத்தான் நான் கலை என்கிறேன்.

வளைந்த அந்தக் கருவறை விமானத்தைக் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, பாப்பா. முதலாம் ராஜேந்திர சோழன் காலம். ஒற்றியூர் மடத்துச் சதுரானன பண்டிதர் கட்டுவித்தார், கட்டியவர் ரவி என்கிற வீரசோழத் தச்சன். ராஜா பெயரோடு வேலை செய்தவர் பெயரையும் வெட்டிவைத்த ஊர் நம்முடையது.

வெள்ளைக்காரர் காலத்தில் நம் ஊர் வடிவங்களையும் வெளியூர் வடிவங்களையும் சேர்த்துக் கட்டிய இந்தோ சாரசெனிக் பாணி வெறும் கலவை என்று உங்கள் சார் ஒதுக்கியதாகச் சொன்னாய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1892இல் முடிந்த ஹைகோர்ட்டைப் போய்ப் பார். வரைந்தவர்கள் பிராசிங்டன், இர்வின். கட்டிக்கொடுத்தவர் நம் நம்பெருமாள் செட்டி. எங்கெங்கிருந்தோ வந்த வளைவையும் குவிமாடத்தையும் சிவப்புச் செங்கல்லில் நின்று பேசவைத்தது நம் கொத்தனார்களின் கை. அந்தக் கையைப் பார்க்காமல் பாணியை எடைபோட முடியாது.

மண்ணடிப் பக்கம் பழைய வீட்டுக் கூரையை, மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அதையும் அண்ணாந்து பார். தேக்குக் கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, கோணமாக வரிசை பிடித்து, சுண்ணாம்பில் கட்டியது. கம்பி கிடையாது. இடிப்பதற்குள் எதையாவது வரைந்துவை.

லீவுக்கு வந்ததும் ஒற்றியூர் வளைவை உன் கையால் வரைந்து காட்டு. எந்தக் கல்லில் இணைப்பு விழுகிறது என்று குறிக்க மறக்காதே, எனக்கு அதுதான் வேண்டும். பணம் அனுப்பியிருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா
தண்டையார்பேட்டை