கல்லை நடுங்கள், அவர் பெயரையும் வெட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சாலையை அகலப்படுத்தப் பெயர்த்த போர் நினைவுக் கல்லைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். சாலை வேலை முடிந்து பேருந்தும் ஓடுகிறது. கல் மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. போன வாரம் அதன்மேல் சிமென்ட் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, நம் ஊரிலிருந்து 14 பேர் போனார்கள், அதில் ஒருவர் உயிர் கொடுத்தார் என்கிறது கல். பெயர் இல்லை. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சேர்ந்து மெசபொடேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்தவர் அவர். புதைத்த இடம்கூடத் தெரியாது. அங்கே இறந்தவர்களுக்காக எழுப்பிய பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களையோ படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு விட்டுவிட்டார்கள். இப்படிப் பாகுபாடு காட்டியதற்கு, இந்த நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் மன்னிப்புக் கேட்டது.

அவர் பெயர் எங்களிடம் எழுத்தில் இருப்பது ஒரே இடத்தில்தான்: போருக்குப் பின் வந்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில். அவருடைய தம்பியின் பேத்தி, எங்கள் தெருப் பாட்டி, எவ்வளவு கஷ்டத்திலும் அதை விற்காமல் காப்பாற்றியவர். அதை முந்தானையில் முடிந்துகொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மத்தியானம் வரை வாசலில் உட்கார வைத்துவிட்டு, "இறப்புச் சான்றிதழ் இருக்கா? வாரிசுச் சான்றிதழோட வா" என்று ஒருமையில் பேசி அனுப்பியிருக்கிறார்கள். பாட்டி நிலமா கேட்டார், பணமா கேட்டார்? பெரிய தாத்தாவின் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னார். நூறு வருடத்துக்கு முன் கடல் கடந்து செத்தவருக்கு அவர் எங்கே போய்ச் சான்றிதழ் வாங்குவார்?

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்தானே என்று கிராம சபையில் ஓர் உறுப்பினர் கேட்டார். அன்றைக்கு ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். வீட்டுக் கஷ்டத்துக்காகக் கப்பலேறிய பையன், இருபதுகூட ஆகவில்லை என்பார்கள். அவரைப் பெற்றவள் எந்த ராஜாவுக்காகவும் அழவில்லை, பிள்ளைக்காக அழுதாள்.

நம் ஊரில் ஒரு கழிப்பறை கட்டினால்கூடத் திறந்தவர், தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர் என்று பளிங்கில் பெயர் வந்துவிடுகிறது. தலைவர்களின் பிறந்தநாளுக்கு ராத்திரியோடு ராத்திரியாக பேனர் கட்ட ஆளும் இருக்கிறது, காசும் இருக்கிறது. செத்தவருக்கு ஒரு வரி வெட்டத்தான் இத்தனை அலைச்சல். உங்கள் மனம் நோக வேண்டும் என்று இதை எழுதவில்லை. பாட்டியைத் திருப்பி அனுப்பிய வேதனையில் வந்துவிட்டது.

தயவுசெய்து கல்லை ஊர் முகப்பில் மறுபடி நடுங்கள். அதன் கீழே அவர் பெயரை வெட்டுங்கள். வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதும், கல்வெட்டுச் செலவைத் தெருக்காரர்கள் நாங்களே ஏற்கிறோம். பெயரைச் சரிபார்க்கப் பதக்கத்தோடு பாட்டியை நானே அழைத்து வருகிறேன். அன்றைக்காவது அவருக்கு ஒரு நாற்காலி போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடக்குத் தெருவாசி ஒருவர்