பிரிண்டர் காட்டும் எண்ணுக்குப் பொருள் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளின் பள்ளி வேலை, ஆதார் நகல், வேலைக்கான விண்ணப்பம் என எதற்கும் ஜெராக்ஸ் கடையில் காத்திருக்க வேண்டாம் என்று வடசென்னையில் பல வீடுகளில் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது ஒருநாள் நின்றுபோய், திரையில் ஓர் எண்ணைக் காட்டும். திரை இல்லாத மாடலில் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதை எண்ணித்தான் குறியீட்டை அறிய வேண்டும். அதன் பொருள் விளங்காததால், சரிசெய்யக்கூடிய இயந்திரமே காயலான் கடைக்குப் போய்விடுகிறது.

கேனான் பிரிண்டர்களில் வரும் 5பி00 என்ற குறியீட்டைப் பாருங்கள். தாளில் மையைத் தெளிக்கும் ‘ஹெட்’ என்ற பாகம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, பிரிண்டர் அவ்வப்போது சிறிது மையை வெளியேற்றித் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. அந்த மை அடிப்பாகத்தில் உள்ள பஞ்சில் போய்ச் சேர்கிறது. பஞ்சு எவ்வளவு ஊறியிருக்கிறது என்று இயந்திரம் சோதிப்பதில்லை. வெளியேற்றிய மைக்குக் கணக்கு வைத்து, அது வரம்பைத் தொட்டதும், மோட்டாரும் ஹெட்டும் நன்றாக இருந்தாலும், அச்சிட மறுத்துவிடுகிறது. எழுத்து மங்கியதும் ‘ஹெட் கிளீனிங்’ கொடுத்துக்கொண்டே இருந்தால் மை வீணாவதோடு இந்தக் கணக்கும் விரைவில் நிரம்பும் என்பதை விற்பவர் யாரும் சொல்வதில்லை.

எங்கள் பிரிண்டரிலும் பஞ்சு நிரம்பியபோது சர்வீஸ் சென்டரில், “புதுசே வாங்கிடுங்க” என்றார்கள். வேறொரு மெக்கானிக், கணினியை இணைத்துக் கணக்கை மட்டும் பூஜ்ஜியமாக்கித் தருவதாகச் சொன்னார். பஞ்சை மாற்றாமல் அப்படிச் செய்தால் மை கீழே கசியும். பக்கத்து வீட்டு மேசை விரிப்பில் பிரிண்டரின் அளவுக்கே கறை படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பஞ்சையும் மாற்றச் சொன்னேன். பிரிண்டர் இன்றும் ஓடுகிறது.

அதே நிறுவனத்தின் 5100 வேறு வகை. மை அடைத்த கார்ட்ரிட்ஜைச் சுமந்து ஓடும் வண்டி நகர முடியாமல் தவிக்கிறது என்பதே அதன் பொருள். உள்ளே கிழிந்த காகிதத் துண்டு இருக்கலாம். அல்லது வண்டிக்குப் பின்னால் நீளமாகக் கட்டியிருக்கும், நுண்கோடுகள் கொண்ட கண்ணாடி போன்ற பட்டையில் மை அப்பியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பட்டையை இழுக்காமல், லேசாக ஈரமான மெல்லிய துணியால் துடைத்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும். பி200 வந்தால் கோளாறு பெரும்பாலும் ஹெட்டில் இருக்கும். அப்போது செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

சில புதிய மாடல்களில் கழிவு மைப் பெட்டியை வாங்கி நாமே மாற்றிக்கொள்ள முடிகிறது. எல்லா மாடல்களுக்கும் அந்த வசதி வேண்டும். குறியீடுகளின் பொருளைத் தமிழில் அச்சிட்டு இயந்திரத்தோடு தருவது நிறுவனங்களுக்குப் பெரிய செலவும் அல்ல. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘பழுதுநீக்கும் உரிமை’ இணையதளத்தில் ஒவ்வொரு மாடலின் குறியீடும், பஞ்சின் விலையும் இடம்பெறச் செய்ய வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் பிரிண்டரும் அடக்கம். ஆனால் ஒரு பஞ்சுக்காக முழு இயந்திரமும் கழிவாவதைத் தடுப்பதுதான் முதல் வேலை. கொடுங்கையூர் குப்பைமேட்டின் பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்கு இது வெறும் வாதம் அல்ல.

பழுதுபார்க்க மறுக்கப்படுவோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் செய்யலாம். புகாரில் மாடல் பெயரையும் குறியீட்டையும் தவறாமல் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொடுங்கையூர், சென்னை – 118