புதுப்பேட்டையில் மெழுகுவத்தி வாங்கிய ஐயாவுக்கு

அப்பாவின் டி.வி.எஸ். 50 பதினோரு ஆண்டுகள் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. 1980இல் அறிமுகமான அந்த இரண்டுபேர் மொபெட்டை என் கையாலேயே உயிர்ப்பிக்கிறேன் என்று கிளம்பியதுதான் வினை. சிலிண்டரைப் பிடிக்கும் ஸ்டட்டுகளில் (மரை போட்ட இரும்புக் கம்பிகள்) ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது. என் முரட்டுத்தனத்தில் எஞ்சினின் அலுமினிய அடிக்கூடான கிராங்க் கேஸுக்குச் சற்று மேலே ஒடிந்துவிட்டது. மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறியும் அசையவில்லை. கிராங்க் கேஸையே மாற்று என்றார்கள் பட்டறையில்.

பழையது தேடி, வண்டிகளின் பழைய உதிரிபாகம் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கு வந்தேன். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் நீங்கள். என் மடியில் இருந்த கிராங்க் கேஸை வாங்கிப் பார்த்து, “இதையா தூக்கிப் போடப் போகிறாய், தம்பி?” என்றீர்கள்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெல்டிங் கடைக்கு நடந்தீர்கள். வழியில் ஒரு மெழுகுவத்தி, உங்கள் காசில். ஒடிந்த முனைமேல் நட்டை வைத்துப் பற்றவைக்கச் சொன்னீர்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்று சொல்லிக்கொண்டே, மெழுகுவத்தியை மரையோரம் தொட்டீர்கள். மெழுகு உருகி உள்ளே இறங்கியது. ஸ்பேனரை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம் ஒரு மயிரிழை. ‘கிரீச்’ என்றது. அந்தச் சத்தத்துக்கு நாதஸ்வரம் தோற்றது!

வெல்டிங் கூலி மட்டும் கொடுக்கவிட்டீர்கள். பெயர் கேட்பதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். ஐயா, நன்றி. போன ஞாயிறு வண்டி புகைவிட்டுக் கிளம்பியது, அப்பாதான் ஓட்டினார். உங்கள் ஸ்பேனர் என் பையோடு வந்துவிட்டது. அதே டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன்.