சி62: எது பழையது, எது புதியது என்று எழுதுங்கள்

கியோட்டோ, நகோயா ரயில் அருங்காட்சியகங்களின் காட்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சி62 என்ற ஜப்பானியப் பயணிகள் நீராவி எஞ்சினைப் பற்றி எழுதுகிறவர்கள் 'டி52 என்ற போர்க்காலச் சரக்கு எஞ்சினை மாற்றிக் கட்டியது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். படிப்பவர் முழு எஞ்சினையும் பிரித்து மாட்டியதாக நினைத்துக்கொள்வார். டி52-இலிருந்து வந்தது கொதிகலன்தான். சட்டகம், சிலிண்டர், சக்கரங்கள் எல்லாம் புதிது. பழைய அண்டாவுக்குப் புது அடுப்பு கட்டிய கதை இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்கு எஞ்சின்கள் மிஞ்சின. பயணிகள் எஞ்சின்களுக்குத் தட்டுப்பாடு. புதிதாகக் கட்ட அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் இசையாததால் 'மாற்றம்' என்ற பெயரில் 1948-49-இல் 49 எஞ்சின்கள் வந்தன.

அந்த அண்டா அடுப்பை எப்படியெல்லாம் மாற்றியது என்பதையும் உங்கள் காட்சிப் பலகையில் சொல்லலாம். டி52-க்கு 1,400 மி.மீ. உந்துசக்கரங்கள் நான்கு ஜோடி. சி62-க்கு 1,750 மி.மீ. மூன்று ஜோடி. சிலிண்டர் விட்டம் 550-இலிருந்து 520 மி.மீ. ஆனது. அழுத்தம் இரண்டிலும் சதுர செ.மீ.க்கு 16 கிலோ. கணக்குப் போட்டால் இழுவிசை சுமார் 19,400 கிலோவிலிருந்து 13,900 கிலோவுக்கு இறங்குகிறது. வேகத்துக்குக் கொடுத்த விலை அது. ஒரு ஜோடிச் சக்கரம் குறைந்ததால் கொதிகலனின் எடையைத் தாங்கப் பின்னால் இரட்டை அச்சு வண்டி வேண்டியதாயிற்று. பெரிய சக்கரத்தின்மேல் அந்தப் பருத்த கொதிகலனை ஏற்றியதும் உயர வரம்பு முட்டியது. புகைபோக்கி அத்தனை குட்டையாக இருப்பது அதனால்தான். கரி எரியும் நெருப்புத் தட்டியின் பரப்பு 3.85 சதுர மீட்டர். மண்வாரியால் ஈடுகொடுப்பது கடினம் என்பதால் கரி வண்டியிலிருந்து திருகு வழியாகக் கரியைத் தள்ளும் இயந்திரம் பொருத்தினார்கள்.

பலரும் விட்டுவிடும் செய்தி இன்னொன்று. போர்க்கால டி52 கொதிகலன்களில் தகடும் வெல்டிங்கும் மட்டம். வெடித்த விபத்துகளும் உண்டு. ஆகவே 1950-களில் பல சி62-களுக்குப் புதுக் கொதிகலன் மாட்டப்பட்டது. அப்படி மாற்றிய எஞ்சினில் டி52-இன் மிச்சம் என்று என்ன இருக்கிறது?

நகோயாவில் நிற்கும் 17-ஆம் எண் சி62, 1954 டிசம்பர் 15-இல் கிசோ ஆற்றுப் பாலத்தில் மணிக்கு 129 கி.மீ. ஓடியது. அதை எல்லாரும் எழுதுகிறார்கள், எழுதட்டும். நாங்கள் கேட்பது, அதன் பக்கத்தில் இன்னும் ஒரு வரி: இப்போது அதன்மேல் இருக்கும் கொதிகலன் எந்த ஆண்டு, எந்த ஆலையில் செய்தது? கியோட்டோவின் எஞ்சின்களுக்கும் தனித்தனியே இதே விவரம் வேண்டும்.

இப்படிக்கு,
நீராவி எஞ்சின் ஆர்வலர்கள்