நிற்கும் வண்டியும் புகைக்கிறது

ஐயா,

அரசுத் துறை வாகனங்களை மின்வாகனங்களாக மாற்றுவது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் ஓடுகிற கிலோமீட்டரை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். மின்கம்பி, தெருவிளக்குப் பழுதுபார்க்கும் ஏணி லாரிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நிற்கும்போதும் எஞ்சினை அணைப்பதில்லை. ஆளை மேலே தூக்கும் ஹைட்ராலிக் பம்புக்கு அந்த எஞ்சின்தான் விசை. போன ஆடிக் காற்றில் எங்கள் பல்லடம் பக்கம் விசைத்தறிக்கூட வாசலில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தது. சரிசெய்ய வந்த லாரி, மேலே இருந்தவர் கம்பியை இழுத்துக் கட்டி முடிக்கும்வரை உறுமிக்கொண்டே நின்றது. கீழே பேசுவதே காதில் விழவில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்.

முழு லாரியையும் மாற்றப் பணம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆளைத் தூக்கும் ஏணியை மட்டும் பேட்டரியில் இயக்கும் அமைப்பை இருக்கிற லாரிகளில் பொருத்திப் பார்க்கலாம். சார்ஜ் ஏற்றத் துணைமின் நிலையங்கள் இருக்கவே இருக்கின்றன. அப்புறம், புகாருக்காக ஊருக்குள்ளேயே சுற்றும் சிறு வண்டிகளை முதல் சுற்றிலேயே மின்வண்டிகளாக்கலாம். உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழலும் மாதங்களில் இந்த வண்டிகளுக்கான மின்சாரத்தில் ஒரு பங்கு காற்றிலிருந்தே கிடைக்கும்.

– ஒரு வாசகர், பல்லடம்